பன்னிரண்டு லட்சம் கடி!

சொத்தைப் பல்லை அடைக்க மருத்துவர் வைக்கிறாரே, பல் நிறத்தில் ஒரு பசை, அந்தக் காம்போசிட் உங்கள் கடைவாய்க்கு வருவதற்கு முன்னால் படும் பாட்டை ஒரு சோதனைக்கூடத்துக்குள் நின்று பார்க்கப்போகிறோம்.

முதல் மேசையில் ஒரு எஃகு அச்சு. பசையை அதில் திணித்து நீல விளக்கைக் காட்டுகிறார்கள். பசைக்குள் கேம்ஃபர்குவினோன் என்று மஞ்சளாக ஒரு பொருள் துளியூண்டு கலந்திருக்கிறது. 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டதும் அது விழித்துக்கொண்டு, சுற்றியுள்ள மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. சில நொடிகள்தான், பசை கல்லாகிவிட்டது! அச்சிலிருந்து வருவது 25 மி.மீ. நீளமும் 2 மி.மீ. கனமும் உள்ள ஒரு குச்சி. 37 டிகிரித் தண்ணீரில் அதை ஒரு நாள் ஊறப்போட்டு, 20 மி.மீ. இடைவெளி விட்ட இரண்டு தாங்கிகள்மேல் கிடத்தி, நட்டநடுவில் அழுத்துகிறார்கள். மெல்லும் பரப்பில் வைக்கும் பொருளுக்கு ஐ.எஸ்.ஓ. 4049 தரவிதி கேட்பது குறைந்தது 80 மெகாபாஸ்கல் வளைவு வலிமை. கணக்குப் போட்டால் பாதித் தீக்குச்சி அளவுள்ள அந்தத் துண்டு இரண்டு கிலோவுக்கும் மேல் சுமக்க வேண்டும்! நல்ல சரக்கு 80-ஐ அலட்சியமாகத் தாண்டி நூறுக்கு மேலே ஏறும். திரையில் கோடு ஏற ஏற நமக்கு மூச்சு நின்றுவிடும். டக்! அப்பாடா.

இந்தப் பலத்துக்கு யார் காரணம்? ரஃபேல் போவன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர். அமெரிக்க தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். எப்பாக்சிப் பிசினை முயன்று பார்த்தார். வாயைத் திறந்து வைத்திருக்கும் நேரத்துக்குள் அது இறுகவில்லை. அதன் உடலை வைத்துக்கொண்டு, வேகமாக இறுகும் மெத்தாக்ரிலேட்டை இரு முனைகளிலும் பொருத்தினார். பிஸ்-ஜி.எம்.ஏ. பிறந்தது! 1962-ல் காப்புரிமையும் வந்தது. இன்றும் பல காம்போசிட்டுகளின் பிசின் அதுதான். பிசினுக்குள் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நுண்ணிய கண்ணாடித் துகள்கள். கண்ணாடியும் பிசினும் தாமாக ஒட்டாது. சிலேன் என்ற மூலக்கூறு ஒரு கையால் கண்ணாடியையும் மறுகையால் பிசினையும் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த பாத்திரம் சிலேன்தான். அது பிடி விட்டால் துகள்கள் உதிரும், அடைப்பு தேயும்.

அந்தப் பிடியைத் தளர்த்திப் பார்ப்பதுதான் அடுத்த மேசையின் வேலை. 5 டிகிரித் தொட்டியில் ஒரு முக்கு, 55 டிகிரித் தொட்டியில் ஒரு முக்கு. மறுபடி, மறுபடி, ஆயிரக்கணக்கில். ஐஸ்கிரீமும் ஆவி பறக்கும் காபியும் மாறி மாறி வருகிற வாய்க்கு இது ஒத்திகை.

இப்போது நான் காட்டத் துடித்துக்கொண்டிருந்த இயந்திரம்: மெல்லும் இயந்திரம்! 1983-ல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் டிலாங்கும் டக்ளசும் இப்படியொரு செயற்கை வாயைப் பற்றி எழுதினார்கள். மேலே ஒரு கூர்முனை, கீழே அடைத்த பல், இடையில் தண்ணீர். சுமார் ஐந்து கிலோ விசையில் கடிக்கும், வழுக்கும், எழும்பும், திரும்பக் கடிக்கும். பன்னிரண்டு லட்சம் கடியை ஏறக்குறைய ஐந்து வருடச் சாப்பாட்டுக்கு ஈடாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நொடிக்கு ஒன்றரைக் கடி என்றால் ஒன்பதே நாளில் ஐந்து வருடம்! முடிந்ததும் பல்லை ஸ்கேன் செய்து, தேய்ந்த பள்ளத்தை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள்.

இத்தனையும் தேறி வந்த பொருள் வாய்க்குள் எப்படி இருக்கிறது? நன்றாகவே இருக்கிறது. கடைவாய்ப் பல் காம்போசிட்டுகளைப் பற்றிய பல நீண்டகால ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் வந்த அலசல், பத்தாண்டு கணக்கில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று அடைப்புகளே பழுதாகின்றன என்று சொன்னது. பழுதானவற்றிலும் முக்கியக் காரணங்கள் இரண்டு: உடைவது, அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை பிடிப்பது.

அந்த ஓரம் உங்கள் மருத்துவரின் கையில் இருக்கிறது. இறுகும்போது பசை கனஅளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கிப் பல்சுவரிலிருந்து விலகப் பார்க்கும். நீல ஒளியும் ஆழத்துக்குப் போகாது. அதனால்தான் வழக்கமான காம்போசிட்டை 2 மி.மீ. அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒளி காட்டுகிறார். எச்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் ஒட்டு கெடும் என்பதற்காகவே பஞ்சும் ரப்பர் விரிப்பும். தாடை வலிக்கிறது என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். அந்தச் சில நிமிடம் வாயைத் திறந்து பொறுத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் தினம் இரண்டு வேளை ஃபுளூரைடு பற்பசையால் துலக்குங்கள்.