வளிப்பதனிப் பராமரிப்பு

வளிப்பதனிப் பராமரிப்பு என்பது, பொதுவழக்கில் ஏசி எனப்படும் வளிப்பதனியின் வடிகட்டி, சுருள்கள், விசிறி, வடிகுழாய் ஆகியவற்றைத் தூய்மை செய்து, அதன் இயக்கத்தைச் சோதிக்கும் பணியாகும்.

அறைக்காற்றில் உள்ள ஈரம், உள் அலகின் குளிர்ந்த ஆவியாக்கிச் சுருளின் மீது நீராகப் படிகிறது. வடிகட்டியைத் தாண்டி வரும் நுண்தூசி அந்த ஈரத்தில் ஒட்டுவதால் பூஞ்சை வளர்ந்து, புளித்த வாடை வீசுகிறது. வடிகுழாய் அடைபட்டால் நீர் அறைக்குள்ளேயே சொட்டும். தூசி காற்றோட்டத்தைத் தடுக்கும்போது சுருளின் வெப்பநிலை 0° செல்சியசுக்குக் கீழே இறங்கிப் பனி படியும், குளிர்ச்சியும் குறையும்.

இதனைக் கண்டு "வாயு தீர்ந்துவிட்டது" எனப் பலர் கருதுவதுண்டு. குளிர்பதன வாயு மூடிய சுற்றில் ஓடுவது. எரிபொருளைப் போல் செலவாவதன்று. அது குறைந்தாலும் பனி படியும் என்பது உண்மையே. ஆயினும் குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது என்றே பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்புவது வீண்செலவாகும். எனவே வடிகட்டியையும் சுருளையும் முதலில் பார்ப்பதே முறை.

வடிகட்டியை வீட்டினரே நீரில் கழுவி, நிழலில் உலர்த்தலாம்; தூசி மிகுந்த இடங்களில் இரு வாரங்களுக்கு ஒருமுறை இது தேவைப்படும். சுருளின் அலுமினியத் தகடுகள் மெல்லியவை. மிகை அழுத்த நீர் பட்டால் மடங்கிவிடும். மின்சுற்றுப் பலகை நனையக்கூடாது.

மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் வெளி அலகின் மின்தேக்கியில் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம். புதிய வளிப்பதனிகளில் உள்ள ஆர்-32 ஓரளவும், ஆர்-290 எனப்படும் புரொப்பேன் எளிதாகவும் தீப்பற்றக்கூடியவை. ஆகவே வாயுக் குழாய்களைத் திறக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும்.