கந்தையில் மலரும் கலை

கைவினைகளைப் பற்றி எழுதும்போது நாம் எளிதாகக் கையாளும் தொடர் ஒன்று உண்டு. "பெண்கள் தமது ஓய்வு நேரத்தில் செய்யும் கைவேலை" என்பது அது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இத்தொடரை எத்தனை அறிக்கைகளில், எத்தனை துண்டுப் பிரசுரங்களில் எழுதியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்தோம். அத்துடன் கடமை முடிந்தது என்று எண்ணினோம். அந்த ஓய்வு நேரம் எந்த வீட்டில், எந்த வேளையில் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுப் பார்த்ததில்லை. அக்கேள்வியை நம் உள்ளத்தில் எழுப்பியது வங்காளத்துப் பழந்துணிப் போர்வை ஒன்று. அதற்குக் காந்தா என்று பெயர்.

காந்தா என்னும் சொல் நமக்கு அயலானதன்று. வடமொழியில் 'கந்தா' என்பது ஒட்டுப்போட்ட துணியைக் குறிக்கும். நம் 'கந்தை' என்னும் சொல்லுக்கும் அதுவே மூலம் என்று தமிழ்ப் பேரகராதி கூறுகிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் முன்னோர் தூய்மையைக் கற்பித்தனர். வங்கப் பெண்களோ அக்கந்தையிலே தாமரையை மலரச் செய்தனர். பலமுறை துவைத்து நைந்த பருத்திப் புடவைக்கு உள்ள மென்மை புதுத் துணிக்கு வாராது. நம் வீடுகளில் பழம்புடவை குழந்தைக்குத் தூளியாவது இதனால்தான். அங்கே அது பிறந்த குழந்தையைப் பொதியும் காந்தாவாகிறது.

காந்தா செய்யும் முறை எளியது. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் துவைத்து உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரிப்பார்கள். சுருக்கம் விழாதபடி நீவி, ஓரங்களைத் தைத்து, அடுக்குகள் நழுவாமலிருக்க நீண்ட இழைகளை இடையிடையே ஓட்டி நிறுத்துவார்கள். இம்முதற் கட்டத்திற்கு அகன்ற முற்றமும் இரண்டு மூன்று பேருடைய கைகளும் வேண்டும். குளிர்காலத்தில் போர்த்துக்கொள்ளும் 'லேப்' என்பதற்கு அடுக்குகள் அதிகம்; விரிப்பாகப் பயன்படும் 'சுஜனி'க்குக் குறைவு. கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைப்பதற்கு 'ஆர்சிலதா' என்றொரு வகை உண்டு. தலையணை உறைக்கும், நூல்களைப் பொதிந்து வைக்கும் துணிக்கும்கூடத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன.

பழைய நாளில் தையல் நூலுக்கும் கடைக்குச் செல்லும் வழக்கமில்லை. புடவைக் கரையிலிருந்து சிவப்பும் நீலமும் கறுப்புமான இழைகளை உருவி நூலாக்கிக் கொண்டனர். நடுவில் தாமரை, நான்கு மூலைகளில் மரங்கள் அல்லது மாங்காய்க் கோலங்கள், இடையே யானை, மீன், பல்லக்கு என உருவங்களை ஊசியாலேயே வரைந்தனர். பின்னர் எஞ்சிய வெண்ணிலத்தை வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்தனர். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் சாதாரண ஓட்டுத்தையல்தான் இது. ஆயினும் வரிக்கு வரி அது துணியை இலேசாகச் சுருக்குவதால், காற்றுப்பட்ட குளத்தைப்போல் நிலம் முழுவதும் சிற்றலை எழுகின்றது. காந்தாவின் அழகில் பாதி இவ்வலையினால் வருவது.

இக்கலை ஏன் வீட்டுக்குள் வளர்ந்தது என்று சிந்தித்தால் மூன்று காரணங்கள் புலப்படுகின்றன. முதலாவது, இதற்கு விலை கொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஊசியைத் தவிர வேறில்லை. இரண்டாவது, சட்டமோ தறியோ சக்கரமோ வேண்டியதில்லை. அடுக்குகள் ஒருமுறை இணைந்தபின் துணியை மடித்து எங்கும் எடுத்துச் செல்லலாம். மூன்றாவதே முதன்மையானது. இவ்வேலையை எந்த இடத்திலும் நிறுத்தலாம். குயவன் சக்கரத்தை நடுவில் விட்டெழுந்தால் பானை கெடும். சாயத் தொட்டியை மறந்தால் நிறம் மாறும். ஓட்டுத்தையலோ நின்ற இடத்தில் காத்திருக்கும். குழந்தை அழுதால் எழலாம். உலை கொதித்தால் எழலாம். திரும்பி வந்து அதே புள்ளியிலிருந்து தொடரலாம். குறுக்கீட்டைத் தாங்கும் தையல் இது. குறுக்கீடே வாழ்க்கையாக அமைந்தவர்கள் இதைத் தேர்ந்தனர் என்பதில் வியப்பில்லை.

தலைநகரில் நாம் வசித்த குடியிருப்பில், அடுத்த வீட்டில் வங்க மூதாட்டி ஒருவர் இருந்தார். குளிர்காலத்து மாலைகளில் வெயில் படும் மாடிப்படியருகே அமர்ந்து காந்தா தைப்பார். ஒரு நாள் நாமும் அங்கே செய்தித்தாளுடன் அமர்ந்திருந்தோம். நாம் ஒரு தாளைப் படித்து முடிப்பதற்குள் அவர் ஐந்து முறை எழுந்தார். பால்காரர் வந்தார், அரிசி கொதித்தது, பேரன் காலணியைத் தேடினான், மகன் தேநீர் கேட்டார், உலர்ந்த துணிகளை எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஊசியைத் துணியில் குத்திவிட்டுச் சென்றார். வந்ததும் அதை உருவித் தொடர்ந்தார். "இவ்வளவு வேலைக்கிடையில் இதற்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்டோம். "நேரம் எங்கே கிடைத்தது? ஊசிதான் கையில் கிடைத்தது" என்றார் சிரித்துக்கொண்டே. புதிதாகப் பிறந்த பேத்திக்கென்று தொடங்கிய காந்தா அது. அது நிறைவெய்திய ஆண்டில் அப்பேத்தி பள்ளிக்குச் சென்று கொண்டிருந்தாள்.

அவர் சொன்னது ஒரு வீட்டுக் கதையன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வை நோக்குவோம். ஊதியமின்றி வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். முன்னது ஏறத்தாழ 5 மணி நேரம். பின்னது ஒன்றரை மணி நேரம். குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை, அது தனி. ஆகவே, காந்தா தைத்த கைக்கு ஓய்வு நேரம் இருந்ததென்று கூறுவது பொருந்தாது. துணி எவ்வாறு மிச்சத்திலிருந்து வந்ததோ, அவ்வாறே பொழுதும் மிச்சத்திலிருந்து வந்தது. இரண்டையும் ஒட்டுப்போட்டுத்தான் அவர்கள் கலை செய்தனர்.

மிச்சப் பொழுதில் பிறந்தது என்பதால் இதைச் சிறியதாக மதிப்பிடலாகாது. குருசதய் தத் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி வங்கத்து ஊர்கள்தோறும் சென்று நாட்டுப்புறக் கலைப்பொருள்களைத் திரட்டினார். கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்திற்கு உரிய காந்தாக்களுள் ஒன்று, குல்னாவைச் சேர்ந்த மானதாசுந்தரி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்தது. அதில் ஆங்கிலச் சிப்பாய்களும் இடம்பெற்றுள்ளனர். தைத்தவருடைய பெயரும் தையலாகவே உள்ளது. தந்தைக்குச் சொல்ல விரும்பியதை ஒரு மகள் ஊசியால் எழுதிவைத்தாள். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் காந்தாவைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் சேகரித்த காந்தாக்கள் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் இடையே தைத்தவை கடல் கடந்து கலைக்கூடம் ஏறின.

1947-இல் வங்கம் பிரிந்தபின் காந்தா இரு நாடுகளின் உடைமையாயிற்று. இந்தியாவில் கைவினைகளைப் பேணுவதற்கென 1952-இல் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் அதற்குத் தலைமை தாங்கினார். 2020-இல் அவ்வாரியம் கலைக்கப்படும் வரை பல கைவினைகளுக்கு அது துணை நின்றது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. காந்தாக் கலைக்காக 2023-இல் பிரீதிகணா கோஸ்வாமியும் 2024-இல் தக்தீரா பேகமும் பத்மஸ்ரீ விருது பெற்றனர். இந்துப் பெண்களும் இசுலாமியப் பெண்களும் ஒருசேர வளர்த்த கலைக்கு இது பொருத்தமான பெருமை.

இன்று கடைகளில் நாம் காண்பது பெரும்பாலும் புதுப் பட்டின்மீது தைத்த காந்தாப் புடவை. துளையிட்ட தாளின் வழியே கோலத்தைத் துணியில் பதித்துக் கொடுக்கிறார்கள், நூலும் கொடுக்கிறார்கள், பெண்கள் வீட்டிலிருந்தவாறே தைத்துத் தருகிறார்கள். நெருக்கமான வேலைப்பாடுள்ள புடவைக்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். இதனால் முன்பு ஒரு காசும் ஈட்டாத ஊசி இன்று வருவாய் ஈட்டுகிறது. மகளின் பள்ளிச் செலவையோ மருந்துச் செலவையோ பிறரைக் கேளாமல் சமாளிக்கும் துணிவு அவ்வருவாயால் வருகிறது. பழந்துணிக் காந்தாதான் தூய்மையானது, விற்பனைக் காந்தா தாழ்ந்தது என்று நாம் கூறமாட்டோம். தைப்பவருடைய அடுப்பு எரிய வேண்டாமா?

ஆனால், கவலைக்கு இடம் ஒன்றுண்டு. தந்தைக்கோ பேத்திக்கோ தைத்த காந்தாவுக்குத் தவணை கிடையாது. ஊசி காத்திருந்தது, குழந்தையும் காத்திருந்தது. விற்பனைக்கு உரியதோ குறித்த நாளில் முடிந்தாக வேண்டும். வீட்டுவேலை குறையாமல் தவணை மட்டும் கூடினால், குறைவது உறக்கம் ஒன்றே. கூலி பேசும்போது "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் தைப்பதுதானே" என்ற வாதம் எழுமானால், அந்த வாதம் நாம் எழுதிய 'ஓய்வு நேரம்' என்னும் தொடரிலிருந்தே வலிமை பெறுகிறது. ஒரு சொல் கூலியைக் குறைக்க வல்லது என்பதை மொழிபெயர்ப்பாளர்களாகிய நாம் தாமதமாகவே உணர்ந்தோம்.

இக்கலை நிலைக்க வேண்டுமானால், வாங்குவோர் தைக்கப்பட்ட நேரத்திற்கு உரிய விலை கொடுக்க வேண்டும். பேரம் பேசுமுன் துணியைத் திருப்பிப் பின்புறத்துத் தையலையும் ஒருமுறை பார்க்க வேண்டும். வீட்டிலுள்ளோர் செய்யவேண்டியது அதனினும் எளியது. தேநீரைத் தாமே போட்டுக்கொள்ளலாம். காலணியைத் தாமே தேடலாம். துணிகளைத் தாமே எடுத்து வைக்கலாம். தைப்பவருக்கு நாள்தோறும் குறுக்கீடற்ற ஒரு மணி நேரம் கிடைத்தால், அதனைக் காட்டிலும் சிறந்த கைவினை வளர்ச்சித் திட்டம் வேறில்லை.

அண்மையில் கைவினை பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. பழைய தொடர் அதிலும் இருந்தது. இம்முறை நாம் பேனாவை நிறுத்தி, பிரசுரத்தை அனுப்பியவர்களுக்கு நம் கருத்தைத் தெரிவித்தோம், அவர்களும் இசைந்தனர். "ஓய்வு நேரத்தில்" என்பதை நீக்கிவிட்டு, "நாள் முழுதும் செய்யும் வீட்டு வேலைகளுக்கு இடையே" என்று எழுதினோம். வரி சற்று நீண்டுவிட்டது. ஆயினும் உண்மைக்கு அந்த நீளம் தேவைப்பட்டது.