வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு முகநூலில் நட்பு அழைப்பு வருகிறது. அனுப்பியவர் மாவட்டமே அறிந்த காவல் அதிகாரி, படமும் அவருடையதுதான். ஏற்றுக்கொண்ட மறுநாள் ஒரு செய்தி: "சார், என் நண்பர் சிஆர்பிஎஃப்-ல இருக்கார். டிரான்ஸ்ஃபர் ஆயிட்டார். வீட்டுச் சாமான் எல்லாம் புதுசு, குறைஞ்ச விலைக்குக் கொடுக்கிறார். நம்பர் தரட்டுமா?" சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் படங்கள் வரிசையாக வருகின்றன. ஆசிரியர் பணத்தை அனுப்புகிறார். அதன் பிறகு அந்தக் கணக்கும் இல்லை, சாமானும் இல்லை.

ஆட்சியர்கள், காவல் உயரதிகாரிகள் பெயரில் பல மாநிலங்களில் நடந்துவரும் மோசடி இது. இதில் அந்த அதிகாரியின் கணக்குக்குள் யாரும் நுழையவில்லை, கடவுச்சொல்லும் களவு போகவில்லை. மோசடிக்காரர் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கி, பெயர் கேட்ட இடத்தில் அதிகாரியின் பெயரை எழுதினார். அவ்வளவுதான்.

சமூக ஊடகத்தில் பெயரை விருப்பம்போல் வைத்துக்கொள்வதும் மாற்றிக்கொள்வதும் நம் உரிமை. அதே வசதி மோசடிக்காரருக்கும் இருப்பதால், திரையில் தெரியும் பெயர் எவருக்கும் அத்தாட்சி ஆகாது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைக்க வேண்டும்.

பெயர்ப்பலகையும் கதவு எண்ணும்

பெரும்பாலான தளங்களில் ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. பதிவுக்கு மேலே தடித்த எழுத்தில் தெரிவது காட்சிப் பெயர். இது வாசலில் மாட்டும் பலகை போன்றது. ஒரே பெயரை ஆயிரம் பேர் மாட்டலாம், யாரும் தடுக்க முடியாது. இன்னொன்று யூசர்நேம் எனப்படும் பயனர் பெயர். இது கதவு எண் போன்றது. ஒரு தளத்தில் ஒன்று ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். எக்ஸ் தளத்தில் '@' குறிக்குப் பின்னால் வருவது இதுதான். அங்கே காட்சிப் பெயருக்கு 50 எழுத்துகள் வரை இடமுண்டு, பயனர் பெயருக்கு 15 மட்டுமே.

வாட்ஸ்அப்பில் கதவு எண்ணாக இருப்பது கைபேசி எண். நீங்கள் சேமித்து வைக்காத எண்ணிலிருந்து குழுவில் யாராவது பேசினால், பெயருக்கு முன் '~' என்ற அலைக்குறி தெரியும். அந்தப் பெயர் அவராகவே வைத்துக்கொண்டது என்று அதற்குப் பொருள்.

பெயர் சூட்டிக்கொள்ளும் உரிமை

புனைபெயர் தமிழருக்குப் புதிதல்ல. விருத்தாசலம் 'புதுமைப்பித்தன்' ஆனார். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான 'சுஜாதா'வில் எழுதினார். துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் முடக்கப்பட்டிருந்த ரொக்கையாவின் கவிதைகள் 'சல்மா' என்ற பெயரால்தான் வெளியுலகத்தை எட்டின. இன்று இணையத்தில் வேறு பெயரில் எழுதும் பெண்கள் பலருக்கும் அந்தப் பெயரே பாதுகாப்பு. எனவே வேறு பெயர் வைத்திருப்பதே குற்றம் என்று எண்ண வேண்டாம். அதை வைத்து ஏமாற்றுவதும் இன்னொருவராக நடிப்பதும்தான் குற்றம்.

பெயர் ஒருவரின் அடையாளத்தில் ஒன்றிய கூறு என்பதை 2021-இல் 'ஜிக்யா யாதவ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசமைப்பின் 19ஆவது பிரிவு தரும் கருத்துரிமையோடு அதை இணைத்துப் பார்த்தது. தம் பாலினத்துக்கு ஏற்ற பெயரைச் சூடும் திருநர்களுக்கு இந்த உரிமை உயிர்நாடி. அடையாளச் சான்றிதழ் பெற்றவர் ஆவணங்களில் முதற்பெயரை மாற்றிக்கொள்ள 2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்தது.

ஆனால் தளங்களின் விதிகள் எல்லா வழக்கங்களையும் கருதி எழுதப்பட்டவை அல்ல. 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் கேட்கிறது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்தே உண்டு. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழகம் பெருமளவில் விட்டுவிட்டது. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக அதைத் திரும்பத் தேடிப் பிடிக்கத் தேவையில்லை. தந்தை பெயரையோ தாய் பெயரையோ அங்கே எழுதலாம்.

'அன்றாடம் அழைக்கப்படும் பெயரே வேண்டும்' என்பது ஃபேஸ்புக்கின் விதி. இதைக் காட்டி 2014-இல் சான் பிரான்சிஸ்கோவில் பெண்வேடக் கலைஞர்கள் பலரின் கணக்குகளை அது முடக்கியது. எதிர்ப்பு எழவே, அவ்வாண்டு அக்டோபரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டு விதியைத் தளர்த்தியது. கணக்கு முடக்கப்பட்டால் அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். மேல்முறையீடு செய்யலாம். அரசு அடையாள அட்டை தவிர வேறு சில ஆவணங்களையும் காட்டலாம்.

மாற்றும் முன்

ஃபேஸ்புக்கில் ஒருமுறை பெயரை மாற்றினால் அடுத்த 60 நாட்களுக்கு மாற்ற முடியாது. இன்ஸ்டாகிராமில் 14 நாட்களுக்குள் இரண்டு முறை மட்டுமே மாற்றலாம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பொத்தானை அழுத்தும் முன்பே பாருங்கள். ஃபேஸ்புக் பெயரில் 'டாக்டர்', 'அட்வகேட்' போன்ற பட்டங்களையும், இரு மொழி எழுத்துகளைக் கலந்து எழுதுவதையும் விதி ஏற்காது.

காட்சிப் பெயரை மாற்றுவதில் பெரிய ஆபத்து இல்லை. பயனர் பெயரை மாற்றும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். நீங்கள் விட்ட பழைய பெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியும். விசிட்டிங் கார்டிலும் பழைய பதிவுகளிலும் இருக்கும் லிங்க் அந்த அந்நியரிடம் போய் நிற்கும். தொழில் செய்வோருக்கு இது பெரும் இழப்பு.

எக்ஸ் தளத்தில் புளூ டிக் உள்ளவர் பெயரை மாற்றினால், மறுபரிசீலனை முடியும்வரை அந்தக் குறி மறைந்துவிடும். பெயர் மாறப்போகும் செய்தியைப் பழைய பெயர் இருக்கும்போதே ஒரு பதிவாகப் போட்டுவிட்டால், நண்பர்கள் உங்களைப் போலி என்று சந்தேகிக்க மாட்டார்கள்.

சமூக ஊடகத்தில் பெயரை மாற்றுவது ஆதாரிலோ வங்கிக் கணக்கிலோ எதையும் மாற்றாது. சட்டப்படி பெயரை மாற்ற வேண்டுமானால் தமிழக அரசிதழில் வெளியிட வேண்டும். அதை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை செய்கிறது.

அவர்தானா என்று எப்படி அறிவது?

டிக் குறியையும் முழுதாக நம்ப முடியாது. 2022 நவம்பரில் அப்போதைய ட்விட்டர் மாதம் 8 டாலருக்கு டிக் விற்கத் தொடங்கியது. உடனே எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ ஒருவர் கணக்குத் தொடங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று டிக் குறியோடு அறிவித்தார். அது பொய் என்று விளக்கி, உண்மையான நிறுவனம் மக்களிடம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

பெயரைத் தொட்டு உள்ளே போய்ப் பயனர் பெயரைப் பாருங்கள். கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, பழைய பதிவுகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஏற்கெனவே நண்பராக இருப்பவரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தால் அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வங்கியைப் பற்றிப் பொதுவெளியில் குறை சொன்னதும் 'கஸ்டமர் கேர்' என்ற பெயரில் எண் கேட்டு வருபவரிடம் எதையும் சொல்லாதீர்கள். யார் பணம் கேட்டாலும், உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் கூப்பிட்டு அவர் குரலைக் கேளுங்கள்.

உங்கள் பெயரில் போலி வந்தால்

1. முதலில் ஆதாரம். போலியின் காட்சிப் பெயர் அடுத்த நிமிடமே மாறிவிடலாம். ஆகவே கணக்கின் லிங்க், பயனர் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அரட்டையை அழிக்காதீர்கள், அது இருக்கும் கைபேசியையும் மாற்றாதீர்கள்.

2. அந்தக் கணக்கிலேயே 'ரிப்போர்ட்' அழுத்தி, 'என்னைப்போல் நடிக்கிறார்' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். நண்பர்களையும் புகார் செய்யச் சொல்லுங்கள்.

3. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், குடும்பக் குழு, தொலைபேசி என்று எல்லா வழிகளிலும் தெரிந்தவர்களை எச்சரியுங்கள்.

4. தளம் அசையாவிட்டால் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பெரிய தளங்கள் அவரை இந்தியாவில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆள்மாறாட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தந்தால், 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தன.

5. குறைதீர் அதிகாரியின் முடிவு திருப்தி தராவிட்டால், மத்திய அரசு 2023 ஜனவரியில் அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை 30 நாட்களுக்குள் இணையவழியே அணுகலாம்.

6. பணம் போயிருந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால், பணம் கைமாறும் முன் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்புண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். எந்தக் காவல் நிலையமும் 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது; பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு அதற்கு இடம் தரவில்லை.

பிறர் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் வரும். இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

போலிக் கணக்கு உங்கள் நண்பர்களைத் தேடிப் போவது, உங்கள் நண்பர் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருப்பதால்தான். இன்றே செட்டிங்ஸில் அதை 'நான் மட்டும்' என்று மாற்றுங்கள். பிறகு அப்பா, அம்மாவின் கைபேசியை வாங்கி அதிலும் மாற்றிவிட்டு, 1930-ஐ அதில் சேமித்துக் கொடுங்கள். ஒரு பெயரை நம்பிப் பணம் அனுப்பத் துணியும் நாளில், அனுப்பும் முன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த ஆசிரியரும் அதிகாரியின் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்திருந்தால், பணம் அவரிடமே இருந்திருக்கும்.