பூனைக்கு முட்டி எங்கே இருக்கிறது?

நடந்து போகும் பூனையை வரைந்து பார்த்திருக்கிறாயா, கண்ணு? முகம் அழகாக வந்துவிடும். மீசையும் வாலும் வந்துவிடும். கால்தான் காலை வாரிவிடும்! நான்கு குச்சிகளை நட்டதுபோல் நிற்கும். "ஏன் இப்படி ஆகிறது?" என்று கேட்கத் தோன்றியதா? சபாஷ், நல்ல கேள்வி!

பூனையின் பின்னங்காலை உற்றுப் பார். பாதத்துக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கமாக ஒரு மூட்டு துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் முட்டி, பூனைக்கு முட்டி பின்பக்கம் மடங்கும் என்று நினைத்தாயா? பெரியவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அது முட்டி இல்லை, குதிகால்!

நிஜமான முட்டி இன்னும் மேலே, வயிற்றை ஒட்டி ரோமத்துக்குள் மறைந்திருக்கிறது. நம் முட்டியைப் போலவே அதுவும் முன்பக்கம்தான் பார்க்கும்.

நம்பிக்கை வரவில்லையா? எழுந்து நில். குதிகாலைத் தூக்கு. முட்டியைக் கொஞ்சம் மடக்கி, விரல்களை மட்டும் ஊன்றி நாலு அடி நட. பூனை ஆயுள் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. நாயும் அப்படியே. கரடியும் நாமுமோ உள்ளங்கால் முழுவதையும் பதிக்கிறோம்.

புரிந்ததா? சரி, பென்சிலை எடு. பட்டம் கட்டும்போது முதலில் குச்சி, அப்புறம்தானே தாள்? இங்கேயும் எலும்பு முதலில், ரோமம் பிறகு. இடுப்பிலிருந்து முன்பக்கம் சாய்ந்த கோடு போடு, அது தொடை. முட்டியில் திருப்பி, குதிகால்வரை பின்பக்கமாக ஒரு கோடு. அங்கிருந்து கீழே ஒரு கோடு. நுனியில் நான்கு விரல்கள். முன்னங்காலில் ஐந்து விரல்கள் உண்டு. ஆனால் ஐந்தாவது தரையைத் தொடாது. உள்பக்கம் சற்று மேலே இருக்கும்.

அடுத்தது தோள். எனக்கு மிகவும் பிடித்த இடம்! உன் கழுத்துக்குக் கீழே தடவிப் பார். இரண்டு பக்கமும் எலும்பு தட்டுப்படுகிறதா? அது காறை எலும்பு. உன் தோளை நெஞ்செலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. பூனைக்கும் அது உண்டு, ஆனால் துளியூண்டு. வேறு எந்த எலும்போடும் சேராமல் தசைக்குள் கிடக்கிறது. முன்னங்காலை உடம்போடு கட்டிவைத்திருப்பது தசைதான். அதனால்தான் தலை நுழைகிற ஜன்னல் கம்பிக்குள் தோளும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

அணிலைப் பார்த்துப் பதுங்கும் பூனையைக் கவனி. உடம்பு தாழ்ந்திருக்கும். தோள்பட்டை எலும்புகள் மட்டும் முதுகுக்கு மேலே மாறி மாறி எழும்பும். அந்தச் சின்ன மேட்டை உன் படத்தில் சேர்த்துவிடு. பூனை பாயத் தயாராகிவிடும்!

இத்தாலிய ஓவியர் லியோனார்டோ டா வின்சியும் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு பூனைகளை விடாமல் கவனித்தவர். தூங்குவது, நக்கிக்கொள்வது, சண்டை போடுவது என்று ஒரே தாளில் வரைந்து தள்ளினார். நடுவே ஒரு குட்டி டிராகனும் இருக்கிறது. அவருக்கும் குறும்பு வந்திருக்கிறது, பாரேன்!

உனக்குப் புலி வரைய ஆசையா? கால், தோள் எல்லாம் இதே கணக்குதான். கண்ணில் மட்டும் கவனம். வெயிலில் பூனையின் கண்பாவை செங்குத்தான கீற்றாகச் சுருங்கும். புலிக்கு அது வட்டமாகவே இருக்கும்.