அழாத நரம்பு!

மார்க்கையன்கோட்டைப் பக்கம் கதிர் அறுக்கும்போது நெல்லுத் தாள் கண்ணுல கீறிட்டா, அன்னிக்குப் பொழுதுக்கும் அந்தக் கண்ணைத் திறக்க முடியாது. தண்ணி தண்ணியா கொட்டும். கருவிழி முழுக்கப் பின்னிக் கிடக்கிற வலி நரம்புகளோட வேலை அது. அறுந்தாலும் இந்த நரம்பு மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்துடும். (அதுக்காக தாய்ப்பால் விடுறது, எண்ணெய் ஊத்துறதெல்லாம் வேணாம் பாஸ். பூஞ்சைக் கிருமி தொத்தி, புண்ணாகி, பார்வையே போயிடும்.)

கத்தத் தெரியாத இன்னொரு நரம்பு பின்னாடி இருக்கு. பார்வை நரம்பு! விழித்திரை செல்களிலிருந்து கிளம்பி மூளைக்குப் போகிற கேபிள். உள்ளே சுமார் 10 லட்சம் ஒயர். இதுல ஒயர் நசுங்கினாலோ அறுந்தாலோ, சேதி எட்டினதும் செல் தன்னைத்தானே 'ஷட்-டவுன்' பண்ணிக்குது. மீனுக்கும் தவளைக்கும் இந்த நரம்பு மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது. 2008-ல் பாஸ்டன் விஞ்ஞானிகள் எலியோட செல்லில் 'பி.டி.இ.என்.' என்கிற ஒரே ஒரு ஜீனை நீக்கிப் பார்த்தாங்க. சாக வேண்டிய செல்களில் கொஞ்சம் பிழைச்சது, சில ஒயர்கள் வளரவும் செஞ்சது. மனுஷனுக்கு அந்த வைத்தியம் இன்னும் வரலை.

இந்த நரம்பு சாக ஆக்ஸிடென்ட் எல்லாம் தேவையில்லை. க்ளாக்கோமா போதும். பெரும்பாலும் கண்ணுக்குள்ள ஏறுற அழுத்தம்தான் வில்லன். நரம்பு கண்ணைவிட்டு வெளியேறுற இடத்துல ஒயர்களை வருஷக்கணக்கா நசுக்கும். முதல்ல ஓரப் பார்வை போகும். ஒரு கண் விட்டதை இன்னொரு கண்ணும் மூளையும் சேர்ந்து ஒப்பேத்திடும். அதனால ஆளுக்குத் தெரியவே தெரியாது.

எந்த அளவுக்குத் தெரியாது? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நம்ம தென் மாவட்டக் கிராமங்களில் 40 வயசு தாண்டின 5,150 பேரைப் பரிசோதிச்சது. 2003-ல் முடிவு வெளியாச்சு. 2.6 சதவிகிதம் பேருக்கு க்ளாக்கோமா. அதுல அதிகமா இருந்த 'திறந்த கோண' வகைக்காரங்களில், 93 சதவிகிதம் பேருக்கு அதுவரை நோயைக் கண்டுபிடிக்கவே இல்லை! ஐந்தில் ஒருத்தருக்கு ஒரு கண்ணாவது போயிருந்தது.

சொட்டு மருந்து அழுத்தத்தைக் குறைச்சு, மிச்சமிருக்கிற ஒயரைக் காப்பாத்தும். செத்ததை எழுப்பாது. கண் அரிக்குதுன்னு மெடிக்கல்ல நாமளா வாங்கிப் போடுற ஸ்டீராய்டு சொட்டோ, அழுத்தத்தை ஏத்தியே விடலாம்.

தேனியிலேயே 1985-லிருந்து அரவிந்த் கிளை இருக்கு. அப்பா அடுத்த தடவை கண்ணாடி மாத்தப் போனா, கண் பிரஷரையும் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க. அவருக்கு க்ளாக்கோமான்னு தெரிஞ்சா, அடுத்த டோக்கன் நமக்கு. இது ரத்த சொந்தத்தில் வர வாய்ப்பு அதிகம்!