தவணைப் பொருளின் உண்மை விலை

கடன் நம் தோட்டங்களுக்குப் புதியதல்ல. அக்காலத்தில் தொழிலாளியின் கடனைத் 'துண்டில்' எழுதுவார்கள். அதைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே அவர் மாறலாம். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இன்று லயங்களில் தவணைக் கொப்பி இருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். தையல் இயந்திரம் ஒன்றின் ரொக்க விலை 60,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். தவணைக்கு எடுத்தால் முற்பணம் 10,000. பின்னர் மாதம் 5,000 வீதம் 14 மாதங்கள். மொத்தம் 80,000. அதே முற்பணத்தை வங்கியில் இட்டு, மாதம் 5,000 சேர்த்து வந்தால் 10 மாதங்களில் 60,000 கையில் இருக்கும். அவசரத்தின் விலை 20,000 ரூபாய்.

"அதற்குள் விலை ஏறிவிடுமே" என்பீர்கள். 2022இல் அப்படித்தான் நடந்தது. ஆனால், விலை மூன்றில் ஒரு பங்கு ஏறினால்தான் இரண்டும் சமனாகும். அந்தப் பத்து மாதத்தில் தைத்து 20,000க்கு மேல் உழைக்க முடியுமானால் கடனும் நியாயமே. தொலைக்காட்சிப் பெட்டிக்கு அந்த நியாயம் இல்லை.

தனியே சேமிப்பது கடினம். சிக்கன, கடனுதவிச் சங்கங்களான 'சனச' இயக்கம் 1978இல் புத்துயிர் பெற்றது நம் கேகாலை மாவட்டத்து வல்கமவில்தான். நாமும் லயத்தில் பத்துப் பேராகக் கூடிச் சம்பள நாளிலேயே சேமிக்கத் தொடங்கலாம். கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியது ஒன்றே: எல்லாம் சேர்த்து எவ்வளவு?