பதில் வரும் வரையில்

சமூகப் பணி என்பது இரக்கமுள்ள எவரும் ஓய்வு வேளையில் செய்யும் தருமம் அன்று, முறையாகக் கற்றுத் தேர்ந்து செய்ய வேண்டிய தொழில் என்ற எண்ணம் இந்தியாவில் வேரூன்றிய இடம் பம்பாய் நகரம். 1920களில் அமெரிக்காவிலிருந்து வந்து, நாக்பாடாவின் நெருக்கமான குடியிருப்புகளிடையே தொண்டு நிலையம் நடத்திய கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற பாதிரியாரைத் தலைவராகக் கொண்டு 1936இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பள்ளி தொடங்கிற்று. அவருக்குப் பின் அதன் பொறுப்பை ஏற்றவர் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரரான ஜே. எம். குமரப்பா என்னும் தமிழர். பின்னாளில் டாட்டா சமூக விஞ்ஞான ஸ்தாபனம் எனப் பெயர் மாறி, 1954இல் செம்பூரை அடுத்த தேவனாருக்குக் குடிவந்த அப்பள்ளியின் வழியில் இன்று எத்தனையோ கல்லூரிகள் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுநிலைப் பட்டம் வழங்குகின்றன. அன்று கடல் கடந்து பம்பாய்க்கு வந்த தொழில், இன்று பம்பாயிலிருந்து கடல் கடக்க விழைகிறது.

விழைவதில் குற்றம் ஒன்றுமில்லை. தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் பிறந்து, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த பாட்டனின் பெயரைச் சொல்லிக்கொண்டு, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்ட மேற்படிப்பு முடித்த ஒரு பெண், இங்கே தொண்டு நிறுவனம் ஒன்றில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தச் சம்பளத்தில் காலந்தள்ளுவதைவிட, லண்டனிலோ மெல்போர்னிலோ தன் படிப்புக்குரிய மரியாதையும் ஊதியமும் கிடைக்கும் உத்தியோகத்தை நாடுவது நியாயமே. அபாயம் இருப்பது விண்ணப்பித்தபின் வரும் மௌனத்தில். நேர்காணல் முடிந்துவிட்டது, ‘விரைவில் தெரிவிக்கிறோம்’ என்று சொல்லிவிட்டார்கள், வாரங்கள் போகின்றன, வீட்டில் அம்மா தினமும் கேட்கிறாள், மாதுங்காவில் இருக்கும் சித்தப்பா தமக்குத் தெரிந்த ஒரு ஏஜென்ட்டைச் சிபாரிசு செய்கிறார். வெளிநாட்டு வேலை மோசடிக்கு இரையாகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பழிப்பது நம்மவர் வழக்கம். நான் அறிந்தவரை அவர்களில் பெரும்பாலோர் பேராசைக்காரர்கள் அல்லர்; பதில் வராத சங்கடத்தைத் தாங்கமாட்டாமல் யாரேனும் ஏதேனும் சொன்னால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர்கள். மோசடிக்காரன் விற்பது வேலையை அன்று, பதிலை.

ஆகவே, காத்திருப்பவர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது, தம் காகிதம் இப்போது யாருடைய மேஜையில் இருக்கிறது என்பதையே. ஆயாவுக்கும் ஓட்டுநருக்கும் போலச் சமூகப் பணியாளருக்கு முதலாளி ஒருவரின் சம்மதம் மட்டும் போதாது. இங்கிலாந்தில் ‘சோஷியல் வொர்க்கர்’ என்பது சட்டம் காக்கும் பட்டப்பெயர். 2019 டிசம்பர் முதல் ‘சோஷியல் வொர்க் இங்கிலாந்து’ என்ற அமைப்பின் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் அப்பட்டத்தைச் சூடிப் பணிபுரிவது குற்றம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு அமைப்புகள் உண்டு. அயர்லாந்துக் குடியரசில் ‘கோரு’ என்ற அமைப்பு. நியூசிலாந்தில் 2021 பிப்ரவரி முதல் பதிவு கட்டாயம். ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற விரும்புவோரின் படிப்பை மதிப்பிடுவது அந்நாட்டுச் சமூகப் பணியாளர் சங்கம்.

இந்தியாவிலோ சமூகப் பணியாளருக்கென்று சட்டபூர்வமான கவுன்சில் ஏதும் இல்லை. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் செவிலியருக்கும் இருக்கும் அந்த ஏற்பாடு நமக்கு இல்லாமையால், ‘உமது நாட்டில் பதிவு பெற்றவரா?’ என்று அயல்நாட்டார் கேட்கும் கேள்விக்கு நம் பட்டதாரி காட்டத்தக்க அட்டை எதுவும் இல்லை. படித்த பாடத்திட்டம், தாராவியிலோ கோவண்டியிலோ களப்பணியாற்றிய மணிக்கணக்கு, மேற்பார்வையாளரின் அறிக்கை ஆகியவற்றைக் கொண்டே தகுதியை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் பழைய களப்பணிக் கோப்பைத் தேடிப்பிடித்து, துறைத் தலைவரிடம் கையொப்பம் வாங்கி, கலினாவில் உள்ள மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் மதிப்பெண் பிரதிக்கு வரிசையில் நிற்பதற்குள் ஒரு பருவம் போய்விடும். பதிவு அமைப்பு மௌனமாயிருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இத்தகைய காகிதம் ஒன்று குறைவதுதான். எந்த ஏஜென்ட்டின் செல்வாக்கும் அதை ஈடுசெய்யாது.

இங்கே ஒரு சிறு விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் உங்களுடையவையாகவே இருக்கட்டும். ‘எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று பரிவோடு சொல்லித் தம் முகவரியைப் பதிந்துவிடும் கன்சல்டன்சிக்காரரிடம் அயல்நாட்டு அமைப்பு அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் போய்ச் சேரும். குறைந்த காகிதத்தைக் கேட்டு வந்த கடிதத்தை அவர் மறைத்து, ‘ஃபைல் நகர இன்னும் கொஞ்சம் செலவாகும்’ என்று உங்களிடம் வந்து நிற்பார். அந்த மௌனம் அயல்நாட்டாருடையதன்று. நடுவில் இருப்பவர் உண்டாக்கியது. விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு நீங்களே நேராக எழுதிக் கேட்கும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு.

பதிவுக்குப் பின் வருவது ஆஃபர் லெட்டர். அது வந்த அன்றே சாயன் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைப்பது நன்று. இருக்கும் வேலையை ராஜினாமாச் செய்வது நன்றன்று. அக்கடிதம் பெரும்பாலும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பிரிட்டனுக்கு விசா கேட்க வேண்டுமானால், ‘சி.ஓ.எஸ்.’ எனப் புழங்கும் ஸ்பான்சர்ஷிப் சான்றை முதலாளி வழங்க வேண்டும். அவ்வாறு வழங்கும் அனுமதி பெற்ற முதலாளிகளின் பட்டியலை அந்நாட்டு உள்துறை அமைச்சகம் இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. சான்று கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். இந்தியர்கள் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தங்கலுக்குக் காட்ட வேண்டிய காசநோய்ப் பரிசோதனைச் சான்று ஆறே மாதம் செல்லும், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். ஆவணங்களைப் பரபரப்பில் முன்கூட்டியே எடுத்துவைத்துவிட்டு, பதில் வரும்போது அவை காலாவதியாகி மறுபடி பணம் கட்டுகிறவர்கள் உண்டு. களப்பணிச் சான்றும் பாடத்திட்டமும் காலாவதியாகாதவை; காத்திருக்கும் காலத்தை அவற்றில் செலவிடுங்கள், மருத்துவப் பரிசோதனையைச் சி.ஓ.எஸ். வரும் வரை ஒத்திவையுங்கள்.

இனி, கேட்பதற்கு ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு வேலைகளைக் குழப்பி நடக்கும் ஏமாற்று. ‘சோஷியல் வொர்க்கர்’ வேறு, ‘கேர் வொர்க்கர்’ வேறு. முன்னது பதிவு பெற்ற தொழில். பின்னது முதியோரையும் நோயாளிகளையும் குளிப்பாட்டி உணவூட்டிப் பேணும் பணி. பேணும் பணியில் இழிவொன்றுமில்லை, ஆனால் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவரிடம் முதலாவதைச் சொல்லி இரண்டாவதற்கு அனுப்புவது மோசடி. மேலும், 2024 மார்ச் முதல் கேர் வொர்க்கர்கள் குடும்பத்தாரை உடன் அழைத்துச் செல்வது தடுக்கப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் அவ்வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதையே பிரிட்டன் நிறுத்திவிட்டது. அதன்பின்னும் அவ்வேலைக்கு இங்கிருந்து அனுப்புவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் இல்லாத ஒன்றை விற்கிறார். முன்பு போனவர்களிலும் பலர், முதலாளியின் அனுமதி ரத்தாகி, வழக்கமாகத் தரப்படும் 60 நாள் அவகாசத்துக்குள் வேறு ஸ்பான்சரைத் தேடி அலைந்தனர். உங்கள் சி.ஓ.எஸ்.ஸில் எந்த வேலையின் பெயரும் குறியீட்டு எண்ணும் எழுதியிருக்கின்றன என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

பணத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசின் பதிவுச் சான்று இன்றி எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. ‘நாங்கள் ரெக்ரூட்டிங் ஏஜென்ட் அல்லவே, ஆலோசனைதானே சொல்கிறோம்’ என்று செம்பூர் ரயில் நிலையத்தருகே பலகை மாட்டியிருப்பவர் வாதாடலாம். ஆனால் வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாக விளம்பரம் செய்வதும், அதற்காகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வதும், பேரம் பேசுவதும், ஒப்பந்தம் செய்வதும் எல்லாமே ஆள் சேர்ப்புதான் என்று சட்டத்தின் விளக்கப் பகுதி தெளிவாகக் கூறுகிறது. பதிவு பெற்ற ஏஜென்ட்டும் வேலை தேடுவோரிடம் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மீது ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கு ரசீது தரவேண்டும். பிரிட்டனிலோ, வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் எந்த ஏஜென்சியும் கட்டணம் வாங்குவதை அந்நாட்டின் 1973ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பு ஆள் தேர்வின் எந்தக் கட்டத்திலும் ஒரு காசும் கேட்பதில்லை, ஆகையால் ஐ.நா. சின்னம் பொறித்த ‘பதிவுக் கட்டண’க் கடிதம் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதே இல்லை. பிரிட்டனின் ‘ஹெல்த் அண்ட் கேர்’ விசாவுக்கு மருத்துவக் கூடுதல் வரி விலக்கப்பட்டிருக்கிறது. அவ்விசாவுக்கென்று சொல்லி அவ்வரியையும் கறப்பவர் பொய் சொல்கிறார்.

பாஸ்போர்ட்டையும் மூலச் சான்றிதழ்களையும் பிணையாகக் கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பாஸ்போர்ட் என்பது சட்டப்படி மத்திய அரசின் சொத்து. அதைப் பிடித்துவைத்துப் பணம் பேச எந்த ஏஜென்ட்டுக்கும் அதிகாரமில்லை.

ஏமாந்துவிட்டால் பரிகாரம் என்ன? தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் வருவது பாந்திரா குர்லா வளாகம். அங்கே 2017இல் திறக்கப்பட்ட விதேஷ் பவனில், பாஸ்போர்ட் அலுவலகத்தோடு குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் அதிகாரியின் அலுவலகமும் இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்காக அந்தக் கட்டடத்துக்குப் போய்வந்த நம்மவர் பலருக்கும் அந்த அதிகாரி அங்கே இருப்பது தெரியாது. பட்டதாரிகளின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படுவதில்லை. அதனாலேயே ‘இது வளைகுடாவுக்குப் போகும் கூலித் தொழிலாளரின் அலுவலகம், நமக்கல்ல’ என்ற தப்பெண்ணம் படித்தவர்களிடையே பரவியிருக்கிறது. ஏஜென்ட்டின் மீதான சட்டம் பாஸ்போர்ட்டின் வகையைப் பார்ப்பதில்லை. மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் உண்டு. பணம் கொடுக்குமுன் அதைப் பார்ப்பது, கொடுத்தபின் விதேஷ் பவனுக்குப் போவதைவிட எளிது.

பதிவின்றி ஆள் சேர்ப்பவருக்குக் குடிபெயர்வுச் சட்டம் இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. லட்சக்கணக்கில் சுருட்டியவருக்கு 2,000 ரூபாய் அபராதம் என்பது பரிகாசம் போல்தான் தோன்றும். ஆயினும் இதே சட்டத்தில் அருமையான இரண்டு வசதிகள் உண்டு. இக்குற்றத்துக்குப் போலீசார் நீதிமன்றத்தின் உத்தரவுக்குக் காத்திராமலே நடவடிக்கை எடுக்கலாம். வழக்குத் தொடர மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும் என்ற பொது விதி, பாதிக்கப்பட்டவரே, அல்லது அவர் சார்பில் தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் புகார் செய்தால் பொருந்தாது. மகன் அயல்நாட்டில் சிக்கித் தவிக்க, தாராவியில் இருக்கும் தாய் இங்கேயே புகார் கொடுக்கலாம். கூடவே, மோசடிக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை தரும் பாரதிய நியாய சம்ஹிதையின் 318ஆம் பிரிவையும் புகாரில் குறிப்பிடக் கேளுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம்: 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச சட்ட உதவி உண்டு, அதற்கான தொலைபேசி எண் 15100. இணையவழியில் பணம் போயிருந்தால், அன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குச் சொன்னால் அது வேறு கணக்குக்கு மாறுமுன் முடக்கப்பட வாய்ப்புண்டு. மறுநாள் என்று தள்ளினால் அரிது.

புகார் செய்வதற்கு வெட்கம்தான் பெரிய தடையாக நிற்கிறது. பிறருடைய உரிமைக்காக ரேஷன் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் நாள்தோறும் மனு எழுதிக் கொடுக்கும் சமூகப் பணியாளர், தாமே ஏமாந்தோம் என்று சொல்ல நாணிப் பேசாதிருந்துவிடுகிறார். நகையை அடகு வைத்த கதை உறவினருக்குத் தெரியக் கூடாதே என்று குடும்பமும் வாய் மூடிக்கொள்கிறது. அந்த மௌனத்தில்தான் அடுத்த தெருவில் அதே ஏஜென்ட் அடுத்த பெண்ணிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஆகவே ஐயம் தோன்றிய அன்றே, ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் எடுத்துவைத்துக்கொண்டு, வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லாத் தொலைபேசியை அழையுங்கள்: 1800 11 3090. இரவும் பகலும் அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.